மெதுவாக்காவின் நாலு மணிப் பசி

டிரைவிங் ஸ்கூலில் அவளை எல்லோரும் மெதுவாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையும் "மெதுவா", கடைசி வார்த்தையும் "மெதுவா". ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்கள், டெஸ்டில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டவர்கள், வீட்டில் புருஷனிடம் கற்றுக்கொள்ளப் போய் அது பெரிய சண்டையில் முடிந்தவர்கள், இப்படிப்பட்டவர்களையெல்லாம் முதலாளி அவள் பக்கம்தான் தள்ளிவிடுவார். "அந்தம்மா பக்கத்துல இருந்தா லாரி குறுக்க வந்தாலும் பதறாம ஓட்டுவீங்க" என்று ஃபோனில் வருகிறவர்களிடம் அடித்துவிடுவார்.

காருக்குள் அவள் அப்படித்தான். காரைவிட்டு இறங்கிவிட்டால் அவளைப் போலப் பதறுகிற ஆள் கிடையாது. அது லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை அவள் நல்ல கனமான உடம்புக்காரி. அந்தச் சின்னக் காரில் அவள் உட்கார்ந்தால் கியர் கம்பி அவள் தொடையில் வந்து இடிக்கும். கற்றுக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு தடவை கியர் போடும்போதும் "ஸாரிக்கா" என்பார்கள். அவளும் "பரவாயில்லப்பா, ரோட்டைப் பாரு" என்பாள். கேட்டுக் கேட்டு அந்த "ஸாரிக்கா" ஊசி மாதிரி குத்த ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை, சர்க்கரை வியாதிக்கு மாத்திரை வேறு. பட்டினி கிடந்து பார்த்தாள், நடந்து பார்த்தாள், கொள்ளும் வெந்நீருமாகக் காலம் தள்ளியும் பார்த்தாள். இறங்கிய எடை போன வேகத்தில் வட்டியோடு திரும்பி வந்தது. கடைசியில்தான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டாள். இரைப்பையில் சின்னக் கிண்ணம் அளவுக்கு மட்டும் விட்டுவிட்டு, அதை நேராகக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள்.

மாடி வீட்டில் குடியிருக்கும் நாத்தனார், அதாவது அவள் அண்ணி என்று கூப்பிடும் வீட்டுக்காரரின் அக்கா, ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவள், கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னாள்: "வாயைக் கட்ட முடியாதவங்க வயித்தைக் கட்டிக்கிறாங்க. என்னத்தைச் சொல்ல."

அந்த வார்த்தை தையலைவிட ஆழமாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் ஆபரேஷன் வேலை செய்தது. பசி என்றால் என்னவென்றே மறந்துபோனது. தட்டில் இருப்பதை ஞாபகமாகச் சாப்பிட வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் ஒருநாள், ஒரே ஒரு ஸ்பூன்தானே என்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் பார்த்தாள். நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வேர்த்து, பாத்ரூம் தரையில் படுத்துக்கிடந்தாள். எழுந்தபோது பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். இனி இனிப்புக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நினைத்தாள். பழைய துணியெல்லாம் தொளதொளவென்று தொங்கின. சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். தெருவில் அவளை அடையாளம் தெரியாமல் கடந்துபோனவர்கள் திரும்பி வந்து, "நீங்களா? நம்பவே முடியலியே!" என்றார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. கூடவே, இதைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற பயமும் வளர்ந்தது.

அப்படியிருக்கும்போதுதான் பல் டாக்டர் வந்து சேர்ந்தாள்.

முப்பது வயதுக்காரி, கெட்டிக்காரி, ஸ்டியரிங்கின் முன்னால் மட்டும் சின்னக் குழந்தை. மூன்று தடவை டெஸ்டில் தோற்றவள். பயத்தைப் போக்க ஒரு தகர டப்பா நிறைய டாஃபி வைத்திருப்பாள். காரை ஸ்டார்ட் பண்ணும் முன் ஒன்று, மெயின் ரோட்டுக்குத் திரும்பும் முன் ஒன்று.

"ஊருக்கெல்லாம் மிட்டாய் சாப்பிடாதேன்னு சொல்றீங்க, நீங்க இப்படி?" என்று மெதுவாக்கா கேட்டாள்.

"என் பல்லை நானே பாத்துக்குவேன்க்கா. இந்தாங்க, நீங்களும் ஒண்ணு போடுங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். கை நீண்டுவிட்டது. டாஃபி நாக்கில் கரைந்து இறங்கியது. நெஞ்சு அடித்துக்கொள்ளப் போகிறது என்று கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினை. ஒன்றும் ஆகாமல் போனதுதான் வினை.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவளுக்குப் பசித்தது. பசி என்று கூடச் சொல்ல முடியாது. வயிறு கேட்கவில்லை, வாயும் மனசும் கேட்டன. ரொட்டியின் ஓரம், ரஸ்க், கிரீம் பிஸ்கட், உருளைக்கிழங்கு சிப்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. சிக்னலில் நிற்கும்போது பேக்கரியின் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை அவள் கண் தானாக எண்ணியது. ஒருநாள் பிஸ்கட் பாக்கெட் ஒன்று டாஷ்போர்டு பெட்டிக்குள், ஆர்.சி. புத்தகத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அதை அங்கே வைத்தது வேறு யாரோ என்பது போல அவளே ஆச்சரியப்பட்டாள்.

அதற்கப்புறம் அவளுக்கு நிம்மதி என்பதே இல்லை. ஆபரேஷன் அவிழ்ந்துவிட்டதோ? உள்ளே தையல் விட்டு, இரைப்பை பழையபடி பெருத்துவிட்டதோ? குளிக்கும்போது மணிக்கட்டு எலும்பு தெரிகிறதா என்று தடவிப் பார்ப்பாள். மோதிரத்தைச் சுழற்றிப் பார்ப்பாள். அது சுலபமாகச் சுழன்றால் மூச்சு வரும், கொஞ்சம் இறுகினால் அன்று முழுக்கப் போச்சு. எடை பார்க்கும் மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, துடைப்பம் போட்டுப் பெருக்கும்போது கூட அந்தப் பக்கம் போகமாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து செக்கப்புக்கு வரச் சொல்லி ஃபோன் வந்தபோது, "அடுத்த மாசம் வர்றேனே" என்று தள்ளிப்போட்டாள். இரண்டு தடவை.

சாப்பிட்டதை ஈடுகட்ட ஒரு வழி கண்டுபிடித்தாள். பிஸ்கட் சாப்பிட்ட அன்று மதியச் சாப்பாட்டை விட்டுவிடுவது. வீட்டிலிருந்து கொண்டுபோகும் டப்பாவை அப்படியே மூடி எடுத்துவந்து, யாருக்கும் தெரியாமல் கொட்டிவிடுவாள். மதியம் விட்டால் நாலு மணிக்கு ஆசை இன்னும் மூர்க்கமாக வந்தது. ஆசை வந்தால் பிஸ்கட். பிஸ்கட் சாப்பிட்டால் மறுநாள் பட்டினி. செக்கு மாடு மாதிரி சுற்றினாள்.

"என்ன, முகம் வாடிக் கிடக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"வெயில்" என்றாள்.

நாத்தனாரிடமிருந்துதான் அவள் அதிகம் ஒளிந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே வாயைத் துடைத்துக்கொள்வாள், அப்போது எதுவுமே சாப்பிட்டிருக்கமாட்டாள் என்றாலும்.

அன்றைக்கு மதியம் டப்பாவைத் திறக்கவேயில்லை. காரை மர நிழலில் நிறுத்திவிட்டு, கிரீம் பிஸ்கட்டில் பாதிப் பாக்கெட்டை வேகவேகமாக முடித்தாள். குற்ற உணர்ச்சியில் ருசி கூடத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் போல ஆகியிருக்கும், பல் டாக்டர் வந்தாள். இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

மேம்பாலம் ஏறும்போது மெதுவாக்காவுக்குக் கழுத்து வேர்த்தது. ஏ.சி.யைக் கூட்டினாள். விரல்கள் நடுங்கின. எங்கோ தூரத்திலிருந்து பேசுவது போலப் பல் டாக்டரின் குரல் கேட்டது.

"அக்கா, இறங்கினதும் லெஃப்டா, ரைட்டா?"

அவளுக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது மட்டுமில்லை, லெஃப்ட் என்றால் எந்தக் கை என்பதே தெரியவில்லை. பத்து வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது, கழுவித் துடைத்த மாதிரி காணாமல் போயிருந்தது.

"அக்கா?"

முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொடுக்கிறவர்களுக்கான பிரேக். காலை நீட்டினாள். கால் பிரேக்கில் படாமல், கீழே விரித்திருந்த மிதியடியில் பட்டது. மறுபடி நீட்டினாள். வெறும் தரை. பஸ்ஸின் பின்பக்கம் கண்ணாடி முழுக்க நிறைந்து வந்தது.

கார் நின்றது. நிறுத்தியது பல் டாக்டர். பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அந்தப் பெண் அழாத குறையாக, ஆனால் பிசகாமல், இண்டிகேட்டர் போட்டு, பாலத்திலிருந்து இறக்கி, ஒரு டயர் கடைக்கு முன்னால் ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பிறகுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. உங்களுக்கு சுகர் இருக்கா?"

"இருந்துச்சு... போயிடுச்சு... ஆபரேஷன்..."

"என்ன ஆபரேஷன்? வயித்துலயா? இளைக்கிறதுக்கா?"

தலையாட்டினாள். பல் டாக்டர் தகர டப்பாவைத் திறந்து ஒரு டாஃபியைப் பிரித்தாள். "சுகர் ரொம்ப இறங்கியிருக்குன்னு நினைக்கிறேன். இதை வாயில போடுங்க."

மெதுவாக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். "வேணாம். நான் மிட்டாயெல்லாம் விட்டுட்டேன்."

"அக்கா, இது மருந்து."

"வேணாம்னா வேணாம். அண்ணிக்குத் தெரிஞ்சா..." என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

பல் டாக்டர் அவள் தாடையைப் பிடித்தாள். "வாயைத் திறக்க மாட்டேங்கிறவங்களைத் திறக்க வைக்கிறதுதான்க்கா என் பொழைப்பே. ஆ... அப்படித்தான்."

டயர் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் உலகம் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. ரோடு, பாலம், இடது கை, வலது கை. திரும்பி வந்ததும் முதலில் வந்தது வெட்கம். பிரேக் போட்ட வேகத்தில் டாஷ்போர்டு பெட்டி திறந்துகிடந்தது. பாதிப் பாக்கெட் பிஸ்கட் வெளியே எட்டிப் பார்த்தது. பல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல மூடினாள்.

"இந்த ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இப்படி வரும்னு படிச்சிருக்கேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது, பல்லு மட்டும்தான் எனக்கு. ஆனா ஒண்ணு, சரியாகிற வரைக்கும் நீங்க இந்த சீட்ல உக்காரக் கூடாது. முதலாளிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன். நாளைக்கு."

"நாளைக்குச் சாயங்காலம் ஃபோன் பண்ணிக் கேப்பேன்."

ஸ்கூலிலிருந்து வேறொருவர் வந்து காரை எடுத்துப்போனார். தலைசுற்றல் என்று மட்டும் சொல்லி மெதுவாக்கா ஆட்டோவில் வீடு வந்தாள்.

வீட்டுக்காரர் வந்து கைகால் கழுவும்வரை காத்திருந்தாள். சொல்ல ஆரம்பித்தபோது எங்கே தொடங்குவது என்று தெரியாமல், பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, பிஸ்கட்டுக்கு வந்து, கொட்டிய சாப்பாட்டில் முடித்தாள். அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"மறுபடியும் வெட்டணுமா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"தெரியல."

"அந்தப் பொண்ணு நிறுத்தாம இருந்திருந்தா?"

கோபமா, பயமா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். பெரிய லிஃப்டையே கழற்றி மாட்டுகிறவர், மனசு சரியில்லையென்றால் எதையாவது கழற்றியாக வேண்டும். சர்க்கரை டப்பா, ரஸ்க், வெல்லம் எல்லாவற்றையும் வாரி ஒரு மூட்டையாகக் கட்டி, ஏணி போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்.

காலையில் நாத்தனார் டீ குடிக்க இறங்கி வந்தாள். "சக்கரை டப்பா எங்கடா?" என்றாள் தம்பியிடம். அவர் பரணைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். "டப்பாவுக்கு என்ன, சாமியாராப் போற உத்தேசமா? மேல ஏறி உக்காந்திருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. மெதுவாக்காதான் பேசினாள். ஆறிக்கொண்டிருந்த டீயைப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் நடந்ததையெல்லாம் சொன்னாள். முடித்துவிட்டு அந்தப் பழைய வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

நாத்தனார் தன் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"மத்தியானம் சாப்பிடாம இருந்தியே, நான் ஆஸ்பத்திரியில சொன்னதை நினைச்சுத்தானா?"

"அதுவும்தான் அண்ணி."

"எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்" என்றாள் நாத்தனார். மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சர்க்கரை இல்லாத டீயை ஒரே மடக்கில் குடித்து, முகத்தைச் சுளித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். எடை மெஷினில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நாலு கிலோ ஏறியிருந்தது. அவள் பயந்ததில் பாதி கூட இல்லை. டயட்டீஷியன் ஒரு சின்னப் பெண், நிதானமாகப் பேசுகிறவள். ரிசல்ட்டையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தையல் அப்படியேதான் இருக்கு. ஒண்ணும் அவிழல. நாங்க ஆபரேஷன் பண்ணது வயித்துலதானே, மூளையில இல்லியே. முதல் வருஷம் பசியைத் தூண்டுற சுரப்பு அடங்கிக் கிடக்கும். அப்புறம் மெல்லத் திரும்பி வரும். நிறையப் பேருக்கு வருது. நீங்க யாரும் செய்யாத தப்பைச் செஞ்சிடல."

மெதுவாக்காவுக்கு அழுகை முட்டியது. அழக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு ஏன் சுகர் இறங்குச்சு? இனிப்புத்தானே சாப்பிட்டா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"வெறும் வயித்துல இனிப்பு போனா, இவங்களுக்கு அது நேரா குடலுக்குள்ள ஓடிடுது. சுகர் கிடுகிடுன்னு ஏறுது. உடம்பு பயந்துபோய் இன்சுலினை அள்ளிக் கொட்டுது. ரெண்டு மணி நேரத்துல சுகர் கீழ விழுந்துடுது. விழுந்ததும் உடம்பு மறுபடி இனிப்பையே கேக்குது. சாப்பாட்டை விடறதுதான்மா இதுல பெரிய வினை."

எப்படிச் சாப்பிட வேண்டும் என்றும் அவளே சொல்லிக்கொடுத்தாள்: வேளைக்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, முட்டையோ பருப்போ தயிரோ முதலில். சோறும் ரொட்டியும் அதற்குப் பிறகு, இடம் இருந்தால். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. பையில் எப்போதும் குளுக்கோஸ் மாத்திரை, ஆனால் தலை சுற்றினால் மட்டும். டாக்டர் எழுதிக்கொடுக்கும்வரை கார் பக்கமே போகக் கூடாது.

"இந்த ஆசை எப்பம்மா போகும்?" மெதுவாக்கா கேட்டாள்.

"முழுசாப் போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். குறையும். வந்தா என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், நாளெல்லாம் அதைத்தான் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முதலாளியிடம் சொல்லும்போது வேலை போய்விடும் என்றே நினைத்தாள். அவர் தலையைச் சொறிந்தார், விசிறியைப் பார்த்தார், "நல்லவேளைம்மா, நல்லவேளை" என்று நாலு தடவை சொன்னார். பிறகு அவளை வகுப்பறைக்கு மாற்றினார். போக்குவரத்துச் சின்னங்களைப் பலகையில் வரைந்து காட்டும் வேலை. காரில் அவ்வளவு அழகாகப் பேசுகிறவள் பலகைக்கு முன்னால் திக்கினாள். முக்கோணம் வரைந்தால் தோசைக் கரண்டி மாதிரி வந்தது.

பதினொரு மணிக்கு ஃபோன் அடிக்கும். நாத்தனார். "முட்டையைத் தின்னியா?" ஒரு மணிக்கு மறுபடி. "டப்பாவைத் தொறந்தியா, மூடி எடுத்துட்டு வரப் போறியா?" வகுப்பே கேட்கும்படி அந்தக் குரல் ஃபோனைத் தாண்டி வரும். மெதுவாக்காவுக்கு மானம் போகும். ஃபோனை அணைத்துவைக்கவும் தோன்றும். அணைக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பித்தபின் நாலு மணி ஆசை வந்தது, ஆனால் கொலைப்பசியாக வரவில்லை. கொஞ்சம் வறுத்த கடலையோ தயிரோ சாப்பிட்டுவிட்டு, ஸ்கூல் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். சில நாள் அது தானாக விலகிப் போகும். சில நாள் போகாது.

போகாத ஒரு நாளில், அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள். கேக்கின் மேல் இருந்த கிரீமை, எல்லோரும் ஃபோட்டோ எடுக்கும் சந்தடியில், விரலால் வழித்து மூன்று வாய் சாப்பிட்டுவிட்டாள். சாப்பிட்ட கையோடு உடம்பு பதறியது. பழைய கணக்குப்படி இரவுச் சாப்பாட்டை விட்டுவிடலாம் என்று மனசு சொன்னது. நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, டயட்டீஷியனுக்கு ஃபோன் போட்டாள்.

"மூணு வாயா? சரி. இப்ப ஒரு முட்டை சாப்பிடுங்க. ராத்திரி எப்பவும் போலச் சாப்பிடுங்க. பட்டினி மட்டும் வேணாம்" என்றாள் அந்தப் பெண், ஏதோ மழைக்குக் குடை எடுத்துப்போகச் சொல்வது போல.

அவ்வளவுதானா? அவ்வளவுதான். ஆனாலும் அன்று சாயங்காலம் முழுக்க இரண்டு மணி நேரம் தாண்டுகிறதா என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர் வேறொருவரிடம் கற்று, அந்தத் தடவை டெஸ்டில் பாஸானாள். "பஸ்ஸுக்குப் பின்னால நிறுத்தினேனே, அன்னிக்கே எனக்குப் பயம் போயிடுச்சுக்கா" என்று ஃபோனில் சொன்னாள். மெதுவாக்காவின் பயம் போகவில்லை. சுகர் ஒழுங்காக நிற்கிறது என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, அவள் மறுபடி காரில் ஏறிய அன்று, சீட்டில் உட்கார்ந்ததும் காலை நீட்டிப் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தாள். இப்போதும் தினமும் பார்க்கிறாள். ஏறிய நாலு கிலோவில் இரண்டு இறங்கியது, இரண்டு இருக்கிறது. எடை மெஷின் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து கதவோரம் நிற்கிறது.

மாதக் கடைசியில் அவளும் வீட்டுக்காரரும் சாமான் வாங்கப் பெரிய கடைக்குப் போனார்கள். ஒரு வரிசை முழுக்க ஒருபக்கம் பிஸ்கட்டும் சாக்லேட்டும் கூரைவரை அடுக்கியிருந்தன. அந்த முனை வந்ததும் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் தள்ளுவண்டியை வேறு பக்கம் திருப்பினார்.

"எங்க போறீங்க?"

"அந்தப் பக்கமாப் போயிடலாம்."

"இந்த வரிசையிலதாங்க பருப்பு இருக்கு. எதிர்ப்பக்கம்."

அவர் நின்றார். அவள் வண்டியை வாங்கி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். வாயில் எச்சில் ஊறியது. பருப்பு இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பாக்கெட் துவரம்பருப்பு, ஒரு பாக்கெட் பயத்தம்பருப்பு எடுத்துப் போட்டாள். வரிசையின் பாதியில் ஒருமுறை பிஸ்கட் பக்கம் திரும்பிப் பார்க்கத்தான் செய்தாள்.

"போலாமா?" என்றார் அவர், பின்னாலேயே வந்து.

"ம், போலாம்" என்றாள். "முட்டையும் எடுக்கணும்."